மாதாவுக்கு அடுத்த வீடு

— அதெல்லாம் இருக்கட்டும் மேரி ஜெயா. வத்தப்பொடி எம்புட்டு அரைச்சு எடுத்துக்கிட்ட?

— மூணு கிலோ, பாத்திமாக்கா.

— பத்தாதுடி. அங்க விக்கிற பொடி கலருக்குத்தான் ஆகும். வாயில வச்சா ஒரு சுரத்தும் இருக்காது. நான் போகையில ஒரு டின்னு நெறையக் கொண்டு போனேன்.

— நீங்க போனது முப்பது வருசத்துக்கு முன்னாடி. இப்ப பிலாஸ்பூர்ல எல்லாமே கெடைக்குதுக்கா. போன்ல ஆர்டர் போட்டா சாம்பார்ப் பொடி வாசலுக்கே வருது.

— வரும், வரும். வந்து என்ன, நம்ம ருசி வராது. புளி?

— அஞ்சு கிலோ. லாரியில போயிருச்சு.

— அது போதும். தேங்காண்ணெ மார்கழியில கல்லாட்டம் ஒறைஞ்சு போகும், வெயில்ல வச்சு எடு. இட்லி மாவு பொங்கவே பொங்காது. கம்பளியச் சுத்தி வைக்கணும். நான் அங்க இருந்த மொத குளிருக்கு, கைப்புள்ளையப் போட்டுக்கிட்ட மாதிரி மாவுச் சட்டியப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுத்தவ.

— கேட்டீங்களாங்க? இனிமே நமக்கு நடுவுல மாவுச் சட்டி.

— படுக்கட்டும் ஜெயா. அதாச்சும் உன்னைய மாதிரி போர்வைய இழுக்காது.

— ராயப்பா, நீ சிரிக்காத. நீயுங் கேட்டுக்க. மத்தியப் பிரதேசத்துல வெயிலும் சும்மா இல்ல. சித்திரையில வெளிய போனா காதுல துண்டக் கட்டிக்கிட்டுத்தான் போகணும். லூன்னு ஒரு காத்து அடிக்கும்.

— அக்கா, இப்ப அது மத்தியப் பிரதேசம் இல்ல. சத்தீஸ்கர்.

— நான் காலி பண்ணிட்டு வந்தப்பறம் மாநிலத்தையே மாத்திப்புட்டாக, நான் என்ன செய்ய? என் ரயில்வே குவாட்டர்ஸ் எங்கயும் போயிருக்காது. சரி, எலையப் போடு. சோறு ஆறுது.

— எலைதான் இருக்கு. தட்டுலருந்து கரண்டி வரைக்கும் எல்லாத்தையும் காலையிலேயே கட்டி ஏத்திட்டாங்க. இந்த வீட்டப் பாருங்களேன், பேசுனா எதிரொலி கேக்குது.

— நல்லதுதான. ஒரு தடவ சொன்னா ரெண்டு தடவ கேக்கும். வாத்திச்சிக்கு அது வசதி.

— இவ டீச்சரெல்லாம் இல்லக்கா, இனிமே பிலாஸ்பூர் சென்ட்ரல் ஸ்கூல்ல வைஸ் பிரின்சிபால். நானே வீட்டுக்குள்ள கையக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்.

— கட்டிக்கிட்டே சாப்புட முடியாது, ஒக்காருப்பா. வெஞ்சனத்துக்குக் கருவாடு வறுத்திருக்கேன். தின்னுக்க, அங்க போயிக் கருவாடு வறுத்தீகன்னா மாடி வீடு முழுக்க ஆள் கூடிரும்.

— நீங்க வறுத்தீகளாக்கா?

— ஒரே ஒரு தடவ வறுத்தேன். யாரு வீட்லயோ ஏதோ செத்துக் கெடக்குதுன்னு தேட ஆரம்பிச்சுட்டாக. உங்க அண்ணன் மானம் போகுதுன்னு சன்னல எல்லாம் அடைச்சாரு. சரி, சர்ட்டிபிகேட்டு, ஆதார் கீதாரெல்லாம் லாரியிலயா போட்டீக?

— அது எப்புடிப் போடுவோம்? எல்லா ஒரிஜினலும் இந்தப் பையில, என் தோள்ல. தூங்குறப்பவும் கழட்ட மாட்டேன். கேஸ் கனெக்சன் எழுதிக் குடுத்தாச்சு. வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்.ஓ.சி. வாங்கியாச்சு.

— வண்டிக்கு எதுக்குப்பா?

— வேற மாநிலத்துல போயி அங்கயே ஓட்டணும்னா நம்பர மாத்தணும்கா. டி.என். அம்பத்தேழு போயி சி.ஜி. பத்துன்னு ஆகும். அந்தப் பழைய நம்பர் ப்ளேட்ட மட்டும் கழட்டிப் பத்திரமா வச்சுக்கலாம்னு இருக்கேன்.

— பாருங்கக்கா, தெருவ விட்டுப் போறதுக்கு இவருக்கு வருத்தமே இல்ல. நம்பர் ப்ளேட்டுக்குத்தான் வருத்தம்.

— வருத்தம் எதுக்கு ஜெயா? வெங்காய மண்டியில கணக்கெழுதியே முடி நரைச்சுப் போச்சு. கண்ணுல தண்ணி வராம ஒரு நாள் இருந்து பாக்கலாமேன்னு எனக்கு ஆசை. இந்தி வேற படிச்சுட்டேன். மேரா நாம் ராயப்பராஜ் ஹை. தோடா தோடா மாலும்.

— போதும், நிறுத்துங்க. அக்கா சோத்த உண்ணட்டும்.

— நல்லாத்தான சொல்றாரு. நான் போகையில எனக்குப் பானி மட்டுந்தான் தெரியும். எத வேணும்னாலும் பானின்னு கேப்பேன். கடைக்காரன் தண்ணியக் குடுத்துட்டு மூஞ்சியப் பாப்பான். உனக்கென்னடி, நீ படிச்சவ.

— எனக்கு ஸ்கூல் இந்திதான் தெரியும்கா. புள்ளைங்கள ஒக்காரு, எந்திரின்னு சொல்லலாம். காய்காரம்மாகிட்டப் போயி அப்புடிச் சொல்ல முடியுமா? சரி, கை கழுவிட்டு வாரேன். சாயங்காலம் மாதாவ ஆண்டனிராஜ் வீட்டுக்குக் கொண்டு போகணும்ல. இந்தத் தடவ நீங்க தூக்க வேணாம்கா, நானே தூக்கிட்டு வாரேன். கடைசித் தடவ.

— மொதல்ல சாப்புடு.

— சாப்ட்டாச்சு. ஏங்க, அந்த மூலையில ஒரு ஸ்டூல் இருந்துச்சே.

— லாரியில ஏத்தியாச்சு.

— ஸ்டூலுக்கு மேல மாதா சுரூபம் இருந்துச்சே.

— ஆமா.

— ஆமான்னா? எங்க?

— எனக்கென்ன தெரியும் ஜெயா? நான் பேக்கிங் பசங்களுக்கு டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா ஹால் காலி. நீ எடுத்து உள்ள வச்சிருப்பன்னு நெனச்சேன்.

— நான் கேஸ் ஆபீஸ் க்யூவுல நின்னேன். அக்கா, அப்ப நீங்கதான இங்க இருந்தீங்க?

— நான் அடுப்படியில இருந்தேன். பருப்பு டப்பா ஒடஞ்சிரும்னு துணியச் சுத்திக்கிட்டு இருந்தேன்.

— உள் ரூம்ல பாருங்க. பரண்ல பாருங்க.

— பாத்துட்டேன் ஜெயா. பரண்ல ஒரு பல்லிதான் இருக்கு.

— அய்யோ, ஸ்டூலோட சேத்துச் சுத்தி ஏத்திட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், வீட்டுச் சாமின்னு நெனச்சிருப்பாங்க. அது வீட்டுச் சாமி இல்லையேக்கா. கூடிச் செபம் சொல்ற நம்ம அன்பியத்துக்குச் சொந்தம். தெருவுல இருக்குற எல்லா வீட்டுக்கும் சொந்தம்.

— பதறாதடி. ஒக்காரு.

— எப்புடிப் பதறாம இருக்குறது? வாரம் ஒரு வீடு. நான் பாவாட கட்டுன காலத்துலருந்து ஒரு வாரம் தவறுனது இல்ல. கொரோனா நேரத்துலகூட மாஸ்க்கப் போட்டுக்கிட்டு, கதவத் தட்டி, வாசல்ல வச்சுட்டு ஒதுங்கி நின்னு செபம் சொல்லி அனுப்புனோம். இன்னைக்கு என் கையில தவறிப் போச்சே. ஆண்டனிராஜ் பொண்டாட்டி காலையில சேமியாப் பாக்கெட்டோட போறாக்கா. மாதா வருதுன்னு பாயாசம் வைக்கப் போறா.

— அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

— என்னன்னு சொல்லுவீங்க? மாதா சத்தீஸ்கர் போயிருச்சுன்னா?

— போனா என்ன? பழைய சுரூபந்தான. மூக்கு ஓரத்துல சுண்ணாம்பு தெரியுது. புதுசு வாங்கணும்னு எத்தன நாளாப் பேசிக்கிட்டு இருக்கோம்.

— நீங்களா பேசுறீங்க? மெழுகுவத்தி ஒரு நாள் கோணலா இருந்ததுக்கு என்னைய அந்த ஏச்சு ஏசுனீங்க. ஏங்க, லாரிக்குப் போன் போடுங்க. டிரைவரு பேரு என்ன?

— விக்னேஷ்குமார். போடுறேன் இரு. ஹலோ, தம்பி, எங்க இருக்கீங்க? வேடசந்தூர் தாண்டிட்டீகளா? சாப்புட நிறுத்தியிருக்கீகளா? சரி. ஒரு சின்ன விசயம். நாங்க சொல்லாம கெளம்பாதீங்க. செத்த நேரத்துல திருப்பிக் கூப்புடுறேன்... ஜெயா, அரவக்குறிச்சிப் பக்கம் ஓட்டல்ல சாப்புடுறாங்களாம். நான் யாரு வண்டியவாச்சும் வாங்கிட்டு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவேன்.

— அத்தன பெட்டிய ரோட்டுல எறக்கி எதுல இருக்குன்னு தேடுவீங்க? லாரிய இங்க திரும்பி வரச் சொல்லுங்க.

— திரும்பி வந்து, எறக்கி, தேடி, மறுபடியும் ஏத்தி எப்ப அனுப்புறது? நாளக்கழிச்சு நாம அங்க போயிப் பாயில்லாமக் கெடக்கணும்.

— ஏத்த வேணாம்.

— என்ன சொன்ன?

— மறுபடியும் ஏத்த வேணாம்னு சொன்னேன்.

— ஜெயா.

— நேத்து ஆபீஸ்லருந்து போன் வந்துச்சுங்க. மதுரையில ஒருத்தருக்கு அந்த ஊரு வேணுமாம், அவரு மாமனார் வீடு அந்தப் பக்கமாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் வேணாம்னு சொல்லிட்டா அவரப் போட்டுருவாங்க. ப்ரமோஷன் போகும். நான் பழையபடி திண்டுக்கல்லயே மேத்ஸ் எடுத்துக்கிட்டு இருக்கலாம்.

— நேத்தா வந்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.

— எப்புடிச் சொல்றது? நீங்க குளிச்சுக்கிட்டே ஏக், தோ, தீன்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்க. மண்டியில மாலையெல்லாம் போட்டு அனுப்பி வச்சிருக்காங்க. அந்த மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

— அப்ப மாதாவுக்காக லாரியத் திருப்பச் சொல்லல. உனக்காகச் சொல்ற.

— ரெண்டுக்குந்தான். நம்மள விட்டுட்டு மாதா தனியாக் கெளம்பிருச்சுன்னா அதுல ஒரு அர்த்தம் இல்லையா? போகாதன்னு சொல்லுதுங்க.

— அதுவே கெளம்பிப் போயிருக்கு, நம்மளப் போகாதன்னு எப்புடிச் சொல்லும்?

— கிண்டல் பண்ணாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. இந்தத் தெருவுல பொறந்து இந்தத் தெருவுலயே கட்டிக் குடுத்தாங்க. கோயில் மணிச் சத்தம் கேக்காத வீட்டுல நான் ஒரு வாரம் சேந்தாப்புல இருந்தது இல்ல. நம்ம பையன் ரொனால்டு ஹாஸ்டல்ல இருக்கான், அவனுக்கு நான் வேணாம். உங்களுக்கு மாநிலம் மாறுது. எனக்கு எல்லாமே மாறுது.

— சரி. நீ வேணாம்னா வேணாம். வெங்காயம் எங்கயும் ஓடிப் போகல. மாலைய அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டு நாளைக்கு மண்டியில போயி ஒக்காந்துக்குறேன். லாரியத் திருப்பச் சொல்லவா?

— கோவமா சொல்றீங்களா?

— கோவம் இல்ல ஜெயா. உள்ளபடி சொல்றேன். மனசுல இஷ்டமில்லாம நீ அங்க வந்து ஒக்காந்துக்கிட்டு இருந்தா எனக்கு ஒரு இந்தியும் வேணாம்.

— செத்த நேரம் ரெண்டு பேரும் வாய மூடுங்க. மேரி, இங்க எம் பக்கத்துல வந்து ஒக்காரு. போன் பண்ணணும்னா பண்ணு, யாரும் கையப் புடிக்கல. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிர்றேன்.

— சொல்லுங்க.

— நான் போகையில எல்லாரும் வந்து வந்து சொன்னாக. பொடி கொண்டு போ, புளி கொண்டு போ, கம்பளி வாங்கு, தண்ணியக் காய்ச்சிக் குடி. நானும் இத்தன நாளா அதத்தான் உங்கிட்டச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். ஒருத்தரும் சொல்லாதது ஒண்ணு இருக்கு.

— என்னக்கா?

— அங்க வீட்டுக்கு ஆள் வராது. இங்க நீ கதவத் தெறந்து வச்சா காப்பிப்பொடி கேட்டு ஒருத்தி வருவா, செபமாலைக்கு ஒருத்தி வருவா, ஒண்ணுமில்லேன்னா சண்டைக்காவது ஒருத்தி வருவா. அங்க போயி மூணு மாசம், மேரி. எங்க வீட்டு வாசப்படிய ஒரு ஆள் மிதிக்கல. பால்காரன் மட்டும் வருவான், அவனும் படிக்குக் கீழயே நிப்பான். சனிக்கெழமை சாயங்காலம் ஆனா பாயப் போட்டு வப்பேன். இங்க அன்பியம் கூடுற நேரம்ல, அந்தப் பழக்கம். பாயப் போட்டு, ஒரு சொம்பு தண்ணி வச்சு, நான் மட்டும் ஒக்காந்திருப்பேன்.

— இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையே.

— எதுக்குச் சொல்ல? ஊருக்கு எழுதுற கடுதாசியில எல்லாம் சௌரியம் சௌரியம்னுதான் எழுதுனேன். மெட்ராஸ்லருந்து வண்டி வர்ற நேரத்துக்கு ஸ்டேசனுக்குப் போயி நிப்பேன். யாரையும் தேடி இல்ல. எறங்குற சனம் ரெண்டு வார்த்த தமிழ் பேசும்ல, அதக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்துருவேன். என்னா நாஞ் சொல்றது, வெளங்குதா?

— வெளங்குது. இதச் சொல்லியா என்னையப் போகச் சொல்றீங்க? எனக்கு இன்னும் பயமா இருக்குக்கா.

— இன்னும் முடியலடி. குவாட்டர்ஸ் கொல்லையில ஒரு முருங்க மரம் நின்னுச்சு. ஒரு நாள் பக்கத்துப் பொம்பள வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சத்தமா என்னமோ சொல்றா. கைய நீட்டி மரத்தக் காட்டுறா. எல அவ பக்கம் கொட்டுது, அதான் சண்டைக்கு வந்துட்டான்னு நெனச்சுக்கிட்டு நான் ஒரு கெளையவே முறிச்சுக் குடுத்தேன். வாங்கிட்டுப் போனவ சாயங்காலம் ஒரு கிண்ணத்தோட வாரா. எலைய ஆஞ்சு வதக்கிக் கொண்டாந்திருக்கா. கீரைக்குத்தான் அவ கேட்டிருக்கா.

— நீங்க கெளையவே முறிச்சுட்டீங்க.

— அந்தக் கெளையில வரிசையா எல்லா வீட்டுக்கும் குடுத்திருக்கா மகராசி. மறுநாள் ஒவ்வொருத்தியும் வாரா. அந்தப் பக்கத்து சனம் கீரைக்கு உசுர விடும். பழைய சோறுகூடத் திங்குறாகடி, பாசின்னு சொல்றாக. வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு, அச்சு அசலா நம்ம மாதிரியே. அதுக்கப்பறம் என் வீட்டுல பாய் மடிக்கவே நேரமில்ல. உங்க அண்ணனுக்கு ட்ரான்ஸ்பர் வந்து இங்க கெளம்புறோம், அந்தப் பொம்பளைகளக் கட்டிக்கிட்டு நான் அழுத அழுகைய திண்டுக்கல்லுக்காக நான் அழுதது இல்ல.

— பாருங்கக்கா, வெங்காயம் அங்கயும் என்னைய விடாது போலயே.

— நீ சும்மா இருப்பா. மேரி, வீட்டுக்கு ஆள் வரணும்னா ஒரு காரணம் வேணும். எனக்கு அந்த மரம் இருந்துச்சு. அது இல்லேன்னா நான் அந்த வருசமே பெட்டியத் தூக்கிட்டு வந்திருப்பேன். இன்னைக்கு உனக்கு அந்த ஊரப் பத்திச் சொல்ல என்ட்ட ஒரு வார்த்த இருந்திருக்காது.

— எனக்கு ரெண்டாவது மாடிக்கா. முருங்க மரத்துக்கு நான் எங்க போவேன்?

— மரந்தான் வேணும்னு இல்ல. மொதல்ல நீ முடிவு பண்ணு. இங்க இருந்தாலும் நான் உன்னையக் கொறைவாப் பேச மாட்டேன். மாதாவச் சாக்கா வச்சு முடிவு பண்ணாத. அது ஒண்ணுதான் நாஞ் சொல்றது.

— ஜெயா, டிரைவரு கூப்புடுறான். ஹலோ, ஆமா தம்பி. சாப்ட்டாச்சா? ஒரு நிமிசம் இருங்க... கெளம்பவா, திரும்பவான்னு கேக்குறான். என்ன சொல்ல?

— அந்தப் பக்கத்துப் பொம்பள பேரு என்னக்கா?

— சுக்மதி. ஏன்?

— இப்பவும் இருப்பாங்களா?

— யாரு கண்டா? இருந்தா என் வயசு இருக்கும். நான் குடுத்த கெளைய நெனப்பு வச்சிருந்தாலும் வச்சிருப்பா.

— ஜெயா, அவன் லைன்ல இருக்கான்.

— போகச் சொல்லுங்க.

— யோசிச்சுத்தான் சொல்றியா?

— யோசிச்சுத்தான் சொல்றேன். பயம் போகல. பயத்தோடயே போவோம். மதுரைக்காரரு மாமனார் வீட்டுக்கு லீவுல போயிக்கட்டும். ரோட்டுல கவனமாப் போகச் சொல்லுங்க, உள்ள மாதா இருக்குன்னு சொல்லுங்க.

— தம்பி, கெளம்புங்க. பாத்து ஓட்டுங்க. பள்ளத்துல கொஞ்சம் மெதுவா விடுங்க, உள்ள எங்க மாதா இருக்கு. இல்ல இல்ல, அம்மா இல்ல. மாதா. சரி, அம்மான்னே வச்சுக்கங்க.

— சிரிக்காதீங்க. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. ஆண்டனிராஜ் வீட்டுக்கு நானே போயி மன்னிப்புக் கேட்டுட்டு, அந்தப் பாயாசத்தக் குடிச்சிட்டுத்தான் ரயில் ஏறுவேன். அவ திட்டுனா திட்டட்டும்.

— திட்ட மாட்டா. எலைய மடிச்சுப் போடு, கூட்டிப் பெருக்கி வச்சுட்டுப் போவோம்.

— பெருக்குறேன். அக்கா, ஒண்ணு கேக்கணும்னு அப்பத்துலருந்து மனசுல உறுத்துது.

— என்னடி?

— மாதாவ ஒரு வீட்லருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்குறப்ப எப்பவும் அந்த சின்னாளபட்டி நீலச் சுங்குடியச் சுத்தித்தான் தூக்குவீங்க. அதத் தொவைச்சு வைக்கிறதும் நீங்கதான், கொண்டு வர்றதும் நீங்கதான். வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டீங்க. இன்னைக்குச் சோத்து வாளியோட மட்டும் வந்திருக்கீங்க. அந்தச் சேலை எங்கக்கா?

— அது அவளச் சுத்தித்தான் இருக்கு மேரி, லாரியில. நாந்தான் சுத்தி ஏத்தி விட்டேன். நீ பெட்டி கட்டிக்கிட்டுக் கெடந்த ஞாயித்துக்கெழமை ஃபாதர் புதுச் சுரூபத்த மந்திரிச்சுக் குடுத்துட்டாரு, ஆண்டனிராஜ் வீட்டுக்கு அது போகும். பழசு உனக்குன்னு தெருவே கூடி முடிவு பண்ணிருச்சு. ஆனா ஒரு வீட்டுல ஒரு வாரத்துக்கு மேல அவள வச்சுக்கக் கூடாது, வழக்கம் உனக்கே தெரியும். போய் எறங்குனதும் அடுத்த வீட்டத் தேட ஆரம்பி.